ஐந்தாம் கூட்டின் குறிப்பு

கதை சொல்கிறவனுக்குக் கோபம் கூடாதாம். எனக்கு இருக்கிறது, அதோடுதான் இந்தப் புதிரைப் போடுகிறேன். நீங்கள் நிதானமாகக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

ஆனைமலைக் காட்டில் இருவாச்சிப் பறவைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார் பேராசிரியர் தயாபரன். இருவாச்சியின் குடித்தனம் விசித்திரமானது. பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்று இடைவெளி மட்டும் விடும். உள்ளே சிறகும் உதிர்ந்துவிடும். மூன்று மாதம் ஆண்தான் பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். ஆண் செத்தால் உள்ளே இருப்பவர்கள் பாடு அதோகதி.

ஒன்பது கூடுகளைக் கவனிக்க, அங்கேயே இருக்கும் காடர் பழங்குடியினரின் குடியிருப்பிலிருந்து ஆட்களை வேலைக்கு வைத்தார்கள். ஐந்தாம் கூடு செவந்தியின் பொறுப்பு. பேராசிரியர் போட்ட முதல் விதி: கூட்டுக்கு எந்த உதவியும் செய்யக் கூடாது, செய்தால் வேலை போகும். விதியில் தப்பில்லை. காடு தானாக என்ன செய்கிறது என்று தெரிய வேண்டுமானால் நாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கத்தான் வேண்டும்.

ஒரு நாள் ஐந்தாம் கூட்டின் ஆண், எஸ்டேட் மின்கம்பியில் அடிபட்டுச் செத்தது. இருபதடி உயரத்துப் பொந்துக்குள் குஞ்சு கத்துவது கீழே கேட்டது. செவந்தி ஒன்றரை நாள் பொறுத்தார். அப்புறம் நீள மூங்கிலின் நுனியைப் பிளந்து, அத்திப்பழத்தைச் செருகி, கீற்றுக்கு நேரே நீட்டினார். கை கடுத்துப்போகும்வரை காத்திருந்த பிறகு ஓர் அலகு வந்து வாங்கிக்கொண்டது. நாற்பத்தொரு நாள் ஊட்டினார். முதலில் தாயும் பிறகு குஞ்சும் உயிரோடு வெளியே வந்தன.

தினமும் நிரப்ப வேண்டிய தாளில், ஊட்டியது யார் என்பதற்கு இரண்டே கட்டங்கள்: இணை, வேறு. மனிதருக்கு அதில் கட்டம் கிடையாது. செவந்தி 'வேறு' என்பதில் டிக் போட்டு, ஓரத்தில் குறிப்புக்கென்று விட்டிருந்த இடத்தில், "ஆண் செத்துப்போச்சு. நான்தான் குடுத்தேன். செவந்தி" என்று எழுதினார். நாற்பத்தொரு தாளிலும் எழுதினார்.

நகரத்து அலுவலகத்தில் டிக்குகளைக் கணினியில் ஏற்றினார்கள். குறிப்புகளை ஏற்றவில்லை, ஏற்றச் சொல்லி யாரும் சொல்லவும் இல்லை. தயாபரன் கணினியைப் பார்த்தார். இணை வருவது நின்றதும் வேறு ஏதோ ஒரு பறவை வந்து ஊட்டியிருக்கிறது! அடுத்தவன் குஞ்சுக்காக நாற்பத்தொரு நாள் உழைத்திருக்கிறது! பரிணாமத்தில் தியாகம் எப்படித் தோன்றியது என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார். வெளிநாட்டு இதழ் வெளியிட்டது, விருதும் வந்தது. காட்டுக்கு ஒரு நடை போய்க் கேட்க மட்டும் அவருக்கு நேரம் வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அவருடைய ஆய்வு மாணவி மெஹருன்னிசா, பீரோவில் கிடந்த பழைய தாள்களை எடுத்துப் படித்தாள். அடுத்த நாளே பஸ் ஏறிச் செவந்தியிடம் போனாள்.

"அக்கா, நீங்களா குடுத்தீங்க?"

"நான்தான். அதான் எழுதிக் குடுத்தேனே."

"தெரிஞ்சிருந்தா வேலையை விட்டு எடுத்திருப்பாங்களே அக்கா."

"எடுத்தா எடுக்கட்டும்னுதான் எழுதுனேன் மேடம். யாரும் ஒண்ணும் கேக்கல. சரி, ஒத்துக்கிட்டாங்கன்னு இருந்துட்டேன்."

மெஹர் திரும்பி வந்து தயாபரனிடம் தாள்களைக் காட்டினாள். அவர் முகம் சுண்டிப்போயிற்று. "உண்மையைச் சொல்லணும்னா தாராளமா சொல்லு. ஆனா விதியை மீறினவங்களை நான் வேலைல வெச்சுக்க முடியாது. அந்தம்மாவுக்கு ரெண்டு பிள்ளைங்க. யோசிச்சுக்கோ" என்றார்.

மெஹர் இரண்டு வாரம் யோசித்தாள். செவந்தியிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஊட்டியது பறவை இல்லை, செவந்திதான் என்று இதழுக்கு எழுதிவிட்டாள், தாள்களை அனுப்பவில்லை. தயாபரன் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அவர் கொடுத்த விளக்கம் ஒரே வரி: 'களப்பணியாளர் செவந்தியின் தவறான பதிவே காரணம்.' அன்றே செவந்தியை வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்த வரியோடு அவர் பெயர் ஊர் உலகமெல்லாம் போனதால், அந்த மலைக்கு வரும் வேறு ஆய்வுக்காரர்களும் அவரைக் கூப்பிடவில்லை. மெஹரும் அந்த வரியைப் படித்தாள். அவளுடைய ஆய்வேட்டில் தயாபரன் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. போட்டார்.

ஒரு நாள் செவந்தி அவளுக்குப் போன் செய்தார்.

"வேலை போனதுக்கு நான் அழல மேடம். விதியை மீறுனேன், போச்சு. நான் தப்பா எழுதுனேன்னு போட்டிருக்காங்களாமே? நான் என்ன தப்பா எழுதுனேன்? நீங்க படிச்சீங்கதானே?"

மெஹர் போனை வைத்துவிட்டாள்.

இப்போது சொல்லுங்கள். விதியை மீறியவர் செவந்தி, ரகசியத்தை வெளியிட்டவள் மெஹர், விதியைக் காட்டி வேலையைப் பறித்தவர் தயாபரன். இந்த மூவரில் பொய் சொன்னவர் யார்?

விடை: தயாபரன் என்று சட்டென்று சொல்லியிருப்பீர்கள். அது பாதி விடைதான். கட்டுரையில் அவர் செய்தது அலட்சியம், போனால் போகிறதென்று விடலாம். விளக்கத்தில் எழுதியது பச்சைப் பொய். அந்த ஐந்தாம் கூட்டு விவகாரத்தில் சரியாக இருந்த ஒரே பதிவைத் தவறு என்றார். செவந்தி விதியை மீறியது உண்மை. மீறியதைத் தன் பெயர் போட்டு எழுதிக் கொடுத்தவரை வேலையை விட்டு நிறுத்தலாம், பொய்க்காரியாக்க முடியாது. அவர் எழுதியதை ஒருவர் படித்திருந்தால், அந்த ஒரு கூட்டைக் கழித்துவிட்டு மற்ற எட்டை வைத்து ஆராய்ச்சி ஒழுங்காக முடிந்திருக்கும். மீதிப் பாதி மெஹர். நாற்பத்தொரு தாளும் அவளிடம் இருந்தன, ஒன்றைப் படம் எடுத்து இதழுக்கு அனுப்பியிருந்தால் போதும், அந்த வரி பொய் என்று வெளிச்சமாகியிருக்கும். பறவையைப் பற்றிய பொய் அவளுக்குப் பொறுக்கவில்லை, செவந்தியைப் பற்றிய பொய்யை வாயைப் பொத்திக்கொண்டு பொறுத்துக்கொண்டாள். தயாபரனைவிட அவள் மேல்தான் எனக்கு ஆத்திரம் அதிகம், ஏனென்றால் எது நியாயம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.