காலி நாற்காலிக்கு வந்தவள்

இந்தக் கதையைக் கேட்பவர்கள் நாற்காலிகளை எண்ணிக்கொண்டே வர வேண்டும். வேறு நிபந்தனை இல்லை.

தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் ஆண்டுக்கு ஒருமுறை ‘இணையமும் ஊரும்’ என்றொரு மாநாடு கூடும். மேடை, பொன்னாடை, சிறப்பு விருந்தினர் எதுவும் கிடையாது. ஆகவே அதை மாநாடு என்று ஒப்புக்கொள்ளவே பலர் தயாராக இல்லை. வந்தவர்கள் காலையில் ஆளுக்கொரு தலைப்பைச் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள். அதிகம் பேர் கேட்கும் தலைப்பை எல்லோரும் பேசுவார்கள்.

பேசும் முறை இது: நடுவில் வட்டமாக ஐந்து நாற்காலிகள். நான்கில் ஆட்கள், ஒன்று காலி. சுற்றி நிற்பவர்களில் பேச விரும்புகிறவர் வந்து காலி நாற்காலியில் உட்காரலாம். அவர் உட்கார்ந்ததும் வட்டத்திலிருந்து ஒருவர் எழுந்துவிட வேண்டும். எப்போதும் ஒன்று காலியாக இருக்க வேண்டும் என்பது முதல் சட்டம். யாரைப் பற்றிய முடிவோ அவரைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது என்பது இரண்டாவது.

இரண்டையும் எழுதியவள் ஜெசிந்தா. தான் எழுதிய சட்டத்துக்குத் தானே கட்டுப்பட்ட அபூர்வப் பிறவி. புதியவர் வந்து உட்கார்ந்ததும் மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பாதிப் பேச்சில் எழ யாருக்கு மனம் வரும்? கடைசியில் ஜெசிந்தாதான், “சரி, நான் எந்திரிக்கேன். நீங்க பேசுங்க” என்று எழுவாள். ஒன்பது மாநாட்டிலும் இப்படித்தான். பத்தாவது கூடுவதற்கு முன் நோயில் இறந்துபோனாள்.

பேச்சு மட்டும் நிற்கவில்லை. உயிரோடு இருந்தவரை அவள் தினமும் காற்று நிலவரத்தைப் பேசிப் பதிந்து மீனவர் வீடுகளுக்கு அனுப்பி வந்தாள். அந்தப் பதிவுகளையும் மாநாட்டுப் பதிவுகளையும் கொண்டு, அவளோடு வேலை செய்த பரிதி, அவள் குரலிலேயே பேசும் நிரல் ஒன்றைச் செய்தான். கேள்வி கேட்டால் பதிலும் சொல்லும். அது குடியிருந்தது அவனுடைய ஒரே ஒரு போனில். அங்கிருந்துதான் எல்லா வீட்டுக்கும் போகும்.

ஜெசிந்தாவின் அக்கா லீமா விடியுமுன் மீன் ஏலத்துக்கு நடப்பவள். சிறு வயதில் போனில் பேசுவது அக்காவா தங்கையா என்று பெற்ற தாய்க்கே தெரியாது, அவ்வளவு ஒற்றுமை. இப்போது அவள் தெருவில் நடந்தால், புதைத்த தங்கை முதல் வீட்டு ஜன்னலில் “கச்சான் காத்து கூடுது” என்பாள். இரண்டாம் வீட்டில் “சின்ன வள்ளம் போக வேண்டாம்” என்பாள். வாக்கியம் வீடு வீடாக அவளோடு நடந்து வரும். லீமா வேறு தெரு வழியாகப் போய்ப் பார்த்தாள். அங்கேயும் வந்தது.

பத்தாவது மாநாட்டில் லீமா ஒட்டிய சீட்டில் ‘என் தங்கச்சி குரலை நிப்பாட்டணும்’ என்று இருந்தது. அதையே எல்லோரும் கேட்டார்கள். வட்டத்தில் உட்கார்ந்தவர்கள் லீமா, பரிதி, கூட்டத்தை நடத்தும் நூலகர் காஜா மைதீன், கடலுக்குப் போகும் ஒருவரின் மனைவி சூசையம்மாள். நால்வரும் ஒன்பது மாநாட்டையும் பார்த்தவர்கள்.

அது தங்கையல்ல, வெறும் மிஷின் என்றாள் லீமா. மிஷின் என்று சொல்லாதீர்கள், அது ஜெசிந்தா அக்காவேதான் என்றான் பரிதி. ஒரு வாரம் வேறு குரலில் அனுப்பிப் பார்த்ததையும், யாரும் மதிக்காமல் போய்த் தன் வீட்டுக்காரரின் வள்ளம் கவிழ்ந்ததையும் சூசையம்மாள் நினைவூட்டினாள். “அவ சொன்னா போக மாட்டாவ. வேற யாரு சொன்னாலும் போவாவ.”

காஜா மைதீன் தொண்டையைச் செருமினார். இரண்டாவது சட்டத்தில் ‘உயிரோடு இருப்பவரை’ என்ற சொல் இல்லை, ஆகவே ஜெசிந்தாவையும் கேட்க வேண்டும் என்றார். பரிதி எழுந்து, தன் போனைக் காலி நாற்காலியில் வைத்துவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தான்.

“எல்லாரும் வந்தாச்சா?” என்றது குரல்.

ஐந்தும் நிறைந்துவிட்டன. ஒருவர் எழ வேண்டும். யாரும் அசையவில்லை. நல்ல வெயில் நேரம். ஆனாலும் சுற்றி நின்றவர்கள் இன்னும் கொஞ்சம் நெருங்கி நின்றுகொண்டார்கள். மின்விசிறிக் காற்றில் சுவர்ச் சீட்டுகள் படபடத்தன.

“சரி, நான் எந்திரிக்கேன். நீங்க பேசுங்க.”

அதன் பிறகு பரிதி மூன்று முறை கூப்பிட்டும் அது வாய் திறக்கவில்லை.

“கேட்டீங்கல்ல? அவளே போறேன்னுட்டா. விட்டுருங்க” என்றாள் லீமா.

“அது பழைய பதிவுல உள்ள பேச்சுக்கா. மிஷின் அப்படித்தான் சொல்லும்” என்றான் பரிதி.

மிஷின் என்றவளுக்கு அது தங்கையாகிவிட்டது. தங்கை என்றவனுக்கு மிஷினாகிவிட்டது. எழுந்தவர் மறுபடி வரலாம் என்று வழக்கம் இருப்பதால், அடுத்த ஆண்டு இன்னொரு முறை கேட்டுவிட்டு முடிவெடுப்போம், அதுவரை குரல் தொடரட்டும் என்றார் காஜா மைதீன். லீமா காத்திருக்கவில்லை. போனை எடுத்தாள். அழிக்கட்டுமா என்று திரை கேட்டது, அழுத்தினாள். “காத்து சொல்ல ஆள் வேணும், அவ்வளவுதான? நாளையிலேருந்து நான் சொல்லுதேன்” என்று சூசையம்மாளிடம் சொன்னாள். அன்று மாலைவரை காலியாகக் கிடந்த அந்த நாற்காலியில் ஒருவரும் வந்து உட்காரவில்லை.

லீமா அழித்தாள்; பரிதி காக்கப் பார்த்தான்; காஜா மைதீன் தள்ளிவைக்கச் சொன்னார். இவர்களில் யார் செய்தது சரி?

விடை: லீமா செய்தது. பேசியது ஜெசிந்தா என்றால், போகிறேன் என்றவளைப் பிடித்து வைக்கக் கூடாது. ஜெசிந்தா இல்லை என்றால், அவள் குரலில் பேச அதற்கு உரிமை இல்லை. எப்படிப் பார்த்தாலும் அது எழ வேண்டியதே. அது மிஷின் என்று பரிதி சொன்ன காரணம் சரி, தொடரட்டும் என்று அவன் விரும்பியது தவறு; லீமா சொன்ன காரணம் தவறு, செய்தது சரி. காஜா மைதீனுக்குக் காரணமும் இல்லை, முடிவும் இல்லை. இப்போது லீமா “லீமா பேசுதேன்” என்று தொடங்கித்தான் காற்று சொல்கிறாள்; ஆனாலும் சூசையம்மாளின் வீட்டுக்காரர், ஜெசிந்தா சொல்லிவிட்டாள் என்று வள்ளத்தைக் கரையிலேயே விட்டுவிடுகிறாராம். இன்னொன்றும் உண்டு. அன்று நால்வரில் ஒருவர்கூட எழாதது, போனை ஓர் ஆளாக மதிக்காததால் என்று நீங்கள் நினைத்திருந்தால் அது தவறு. யாராவது எழ வேண்டிய நேரத்தில் ஜெசிந்தா எழுவாள் என்று, ஒன்பது ஆண்டுப் பழக்கத்தில், நால்வரும் காத்திருந்தார்கள். லீமாவும்தான்.