தானாகத் திறந்துகொள்ளும் கேமரா போன்

தலையில் கிரீடமும் இடுப்பில் கேமரா போனும் வைத்துக்கொண்டு ஒரு அரசர் இருந்தார் என்றால் நீங்கள் நம்பத்தான் வேண்டும். குமிழியூர் அரசர் மாறவேளுக்கு அந்தப் போன் என்றால் உயிர். செங்கல் கனம். ஆனால் முதுகிலுள்ள மூடியைத் தள்ளினால் போதும், கேமரா விழித்துக்கொள்ளும். எடுத்த படத்தில் பட்டத்து யானையின் இமைமயிரை எண்ணலாம். புதுப் போன்கள் எத்தனை வந்தும் அரசர் அதை விடவில்லை. அதைப் பழுது பார்ப்பதற்கென்றே செண்பகவடிவு என்ற பெண்ணை அரண்மனையில் வேலைக்கு வைத்திருந்தார்.

அந்த வேலையின்மேல் அமைச்சர் கடகராயருக்கு ஒரு கண். மச்சானுக்கு வாங்கித் தர வேண்டுமாம்.

ஒரு நாள் ஏரிக்கரையில் விரிசல் என்று செய்தி வந்தது. அரசர் கடகராயரின் விரலில் ஒரு பச்சைக்கல் மோதிரம் போட்டு, போனையும் கையில் கொடுத்தார். "போய்ப் பார்த்துப் படமெடுத்து வாரும்."

மூன்று நாள் கழித்து அமைச்சர் திரும்பினார். படம் இல்லை. புகார்தான் இருந்தது.

"கரை கல்லு மாதிரி இருக்கிறது, அரசே. இந்தப் போன்தான் சரியில்லை! சட்டைப் பைக்குள் அடங்காமல் தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. மூடி தளர்ந்து தானாகத் திறந்துகொள்கிறது. பொத்தான் தேய்ந்து தானாக அழுந்துகிறது. பேட்டரி கொஞ்சம் அசைந்தால் தேதி இருபது வருஷம் பின்னால் ஓடிவிடுகிறது. சரி, ஏரியை ஒரு படம் எடுப்போம் என்றால் உள்ளே இடமே இல்லை என்கிறது! இந்தப் பெண் சம்பளம் வாங்கிக்கொண்டு என்னதான் செய்கிறாள்?"

செண்பகவடிவுக்குக் கண் கலங்கிவிட்டது. "புதுப் பொத்தான் எங்கே தேடியும் கிடைக்கவில்லை, அரசே. ஆனால் பழைய படங்களையெல்லாம் அழித்துக் காலியாகத்தான் கொடுத்தேன்."

"சாயங்காலத்துக்குள் மூட்டையைக் கட்டு" என்றார் அரசர்.

அவையில் மருதவாணர் என்று ஒருவர் உண்டு. அவருக்குத் தனியாக உத்தியோகம் எதுவும் கிடையாது. அரசர் அவசரப்படும்போதெல்லாம் இருமுவார். இப்போதும் இருமினார்.

"அரசே, அமைச்சர் சொன்ன பழுதுகளில் ஒன்றுகூடப் பொய்யில்லை. நான் முழுசாக நம்புகிறேன்."

கடகராயர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"சின்னச் சந்தேகம்தான். காலியாகக் கொடுத்த போன் எப்படி நிரம்பியது? அமைச்சரின் சட்டைப் பையிலிருந்து அது தலையை நீட்டிக்கொண்டிருந்தது. மூடி தானாகத் திறந்தது. பொத்தான் தானாக அழுந்தியது. அப்படியானால்..."

மீசையில் இருந்த கை அப்படியே நின்றது.

அரசர் போனை வாங்கிப் படங்களைத் தள்ளினார். வாழை இலை. இலையில் குவித்த பிரியாணி. சீட்டுக்கட்டு. மறுபடி வாழை இலை. நெய்க் கிண்ணத்தோடு சிரிக்கும் ஒரு அம்மாள். முந்நூறு படங்களில் ஏரி மட்டும் இல்லை.

"அது... என் மாமியார்" என்று குழறினார் கடகராயர். "எல்லாம் பழைய படம், அரசே! தேதியைப் பாருங்கள், இருபது வருஷத்துக்கு முந்தியது!"

"தேதி பின்னால் ஓடும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?" என்றார் மருதவாணர். "போகட்டும். படத்தில் பிரியாணிக்கு நீளும் இந்தக் கையில் அரசர் போட்ட பச்சைக்கல் மோதிரம் இருக்கிறதே. அதுவும் பேட்டரி அசைந்து பின்னால் ஓடிவிட்டதா?"

அமைச்சர் மோதிரக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். ஏரிக்கு ஆட்கள் ஓடினார்கள். மழைக்கு முன்னால் விரிசலை அடைத்துவிட்டார்கள். கடகராயரும் தலையில் மண் சுமந்தார். செண்பகவடிவின் வேலை பிழைத்தது. அந்த மூடியை மட்டும் சரிசெய்யவே கூடாது என்று அவளுக்கு உத்தரவு.

அரசருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "மருதவாணரே, இந்தப் போனையே உமக்குப் பரிசாகத் தருகிறேன். போகுமிடமெல்லாம் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும்!"

மருதவாணர் இரண்டடி பின்வாங்கிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"வேண்டாம், அரசே! எனக்கும் ஒரு மாமியார் வீடு இருக்கிறது."