யானை அச்சு

சோப்புக் கூட முதலாளி மாசிலாமணிக்கு, கணக்கில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு. ஒருநாள் யானை வடிவ அச்சோடு வந்தார்.

"ஏ பொற்கலை, இதுக்குக் கலவை எவ்வளவு? ஒரு கரண்டி மிஞ்சினாலும் வேலை போச்சு!"

சோப்புக் காய்ச்சும் பொற்கலை அச்சில் தண்ணீரை நிரப்பி அளந்தாள். "மொத்தம் மூணு லிட்டருங்க."

"இவ்வளவுதானா? தள்ளு!" மூன்று லிட்டர் எண்ணெயில், அதைச் சோப்பாக்கும் காரத்தண்ணீரை ஒரு லிட்டர் சேர்த்து அவரே கலக்கி ஊற்றினார். அச்சு நிரம்பியது. வாளியில் இன்னும் ஒரு லிட்டர்.

"உன் அளவு தப்பு!"

"மொத்தம்னுதானே சொன்னேன்? மூணும் எண்ணெயாவே இருந்தா, காரத்தண்ணி யானை முதுகுலயா ஏறும்?"

கூடமே சிரித்தது.

"மிஞ்சினா வேலை போச்சுன்னீங்களே. நாளைக்கு முதலாளி வேலைக்கு யாருங்க வருவாங்க?"

மாசிலாமணிக்கே சிரிப்பு வந்துவிட்டது. மிச்சத்துக்குக் குட்டியானை அச்சு வாங்க ஓடினார்.