அரை நிமிஷம் அசையாமல்

"கேமரா கெட்டுப்போச்சு டீச்சர். மனுஷங்களை மட்டும் முழுங்கிடுது."

வந்ததும் வராததுமாகத் தவசிமுத்து இப்படித்தான் ஆரம்பித்தார். மனைவி போன பிறகு பொழுதை நகர்த்த முடியவில்லை. வீட்டில் கிடந்த கேமராவைத் தூக்கிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சத்தில் படமெடுக்கக் கற்றுக்கொள்ள பெனடிக்டாவிடம் வந்து சேர்ந்தவர். டீச்சர் அவருடைய மகள் வயதுக்காரர்.

பெனடிக்டா டிவி ரிமோட்டை எடுத்து லென்ஸுக்கு நேரே பிடித்து அமுக்கினார்.

வெறுங்கண்ணுக்கு ஒன்றுமில்லை. கேமராத் திரையில் மட்டும் ரிமோட்டின் நுனி மினுக் மினுக்கென்றது.

"கேமராவுக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது சார்."

"அப்போ இதைப் பாருங்க."

அவர் நீட்டிய படத்தில் குளக்கரைப் பூங்கா. உச்சி வெயில். இலையெல்லாம் வடித்த சோறு மாதிரி வெள்ளை, வானம் கன்னங்கரேல். நடைபாதையில் ஈ காக்கா இல்லை.

"ஞாயித்துக்கிழமை டீச்சர். ஜே ஜேன்னு கூட்டம். ஒருத்தர்கூட விழல. வீட்டுலதான் யாருமில்ல, இதுலயுமா?"



"நீங்க மாட்டுற ஃபில்டர் கறுப்புக் கண்ணாடி. வெளிச்சம் சொட்டுச் சொட்டாத்தான் இறங்கும். அரை நிமிஷம் திறந்து வச்சாத்தான் படம். நடக்கிறவங்க அதுக்குள்ள போயிடுவாங்க. நிக்கிறவங்கதான் விழுவாங்க."

"யாரு நிக்கிறா?"

"நிக்கச் சொன்னீங்களா?"

தவசிமுத்து கேமராவை உறைக்குள் வைக்க ஆரம்பித்தார்.

"ஒரே ஒரு ஆளு இருக்கிற படம் கொண்டாங்க. அதுவரைக்கும் இந்தப் பக்கம் வராதீங்க."

மனுஷன் வாரத்தில் வாய் திறப்பதே இங்கேதான். அதற்கும் வேட்டு வைத்துவிட்டார் டீச்சர்.

தினமும் உச்சி வெயிலில் போனார். ஸ்டாண்டை ஊன்றி, ஃபோகஸ் வைத்து, அப்புறம் கறுப்புக் கண்ணாடியைத் திருகி மாட்டுவார். கேட்க வேண்டிய வார்த்தை தொண்டை வரைக்கும் வரும், அங்கேயே நின்றுகொள்ளும். யாருமில்லாத படத்தோடு வீட்டுக்கு வந்து, யாருமில்லாத வீட்டின் பூட்டைத் திறப்பார்.

வாகை மரத்தடி பெஞ்சில் ஒருவர் தினமும் தனியாக உட்கார்ந்திருப்பார். ஒருநாள் தவசிமுத்துவின் கால்கள் அவரிடம் போய் நின்றுவிட்டன.

"அரை நிமிஷம் அசையாம இருப்பீங்களா? ஒரு படம்."

அந்த மனிதர் நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு வேறென்ன வேலை? எடுங்க."

மறுநாள் பெனடிக்டா அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"மரம் அருமை. உடம்புகூட ஆடல. முகம் மட்டும் ஏன் சார் இப்படிக் கலைஞ்சு கிடக்கு? அசையக் கூடாதுன்னு சொல்லலையா?"

"சொன்னேன் டீச்சர். பட்டனை அமுக்கிட்டு, எந்த ஊருன்னு கேட்டுட்டேன். அவரு சொல்ல ஆரம்பிச்சுட்டாரு."