ஆறாவது ஓலை

செங்கரை நாட்டில் சட்டம் பிறக்க ஒரு தும்மல் போதும். மந்திரியின் பேரன் மூக்குக்குள் புளியங்கொட்டையைப் போட்டுக்கொண்டான். தும்மினான், கொட்டை வந்தது. மறுநாளே வல்லபராய மகாராஜாவிடமிருந்து நாற்பத்திரண்டு விதிகள் வந்தன. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வீடுகள் எல்லாம் இனிமேல் ஓலை எழுத வேண்டும். வீட்டுக்குள் யார் சாப்பிட்டாலும், தூங்கினாலும், அழுதாலும் ஆளுக்கு ஓர் ஓலை. தப்பு கண்டால் வாசலுக்கு முத்திரை.

வடிவுக்கு அப்படி ஒரு வீடு இருந்தது. அரண்மனை மடைப்பள்ளியில் வேலை செய்யும் பெண்களின் பிள்ளைகள் நாலு, இடுப்பில் அவள் பெற்றது ஒன்று. ஆக ஐந்து. வீட்டை மூடினால் அந்த நாலும் பழையபடி கொதிக்கிற அண்டாக்களுக்கு நடுவில்தான் தவழ வேண்டும். போன வருஷம் ஒரு குழந்தைக்குக் கை வெந்தது.

சோதனைக்கு வரப்போகிறவர் அதிகாரி அட்சயலிங்கம். அந்த வீட்டையும் பக்கத்து நிலத்தையும் சேர்த்துக் குதிரை லாயம் கட்ட மகாராஜாவிடம் கேட்டு, அவருடைய மைத்துனர் ஏற்கெனவே அளந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

விதிகளோ, கேட்கவே வேண்டாம். ஒன்பதாவது விதி: பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குள் கூரான பொருள் இருக்கக் கூடாது. பத்தாவது: எல்லாவற்றையும் எழுத்தாணியால் உடனுக்குடன் எழுத வேண்டும். பதினொன்றாவது: எழுதும்போதும் கண் பிள்ளைகள் மேலேயே இருக்க வேண்டும்.

மனைவி மடைப்பள்ளிக்குப் போய்விட்டதால் மகள் பவளத்தை விட வந்த பூதலிங்கம் வாசலிலேயே நின்றுவிட்டார். ராஜசபையில் வாய்க்குப் பேர்போன மனுஷர் அவர். வடிவு ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். கைகள் இரண்டும் பின்பக்கமாகக் கம்பிகளுக்கு வெளியே நீண்டு, அங்கே ஓலையைக் கீறிக்கொண்டிருந்தன.

“என்ன தங்கச்சி, யாரு உன் கையைக் கட்டிப் போட்டது?”

“மகாராஜாதான் அண்ணே. எழுத்தாணி வெளியே, கண்ணு உள்ளே. நேத்து எழுதினதை ஆடு தின்னுட்டுது. அதுக்கும் ஓர் ஓலை எழுதணுமா?”

“ஆடு வெளியே நின்னுதானே தின்னுச்சு? வேண்டாம்.”

“சிரிக்காதீங்க. எனக்குப் பயத்துல சோறு இறங்கலை.”

பூதலிங்கம் சிரிப்பை நிறுத்தினார். “ஒண்ணே ஒண்ணு செய்மா. நாளைக்கு வீட்டுக்குள்ளே நடக்கிறதை ஒண்ணு விடாம எழுது. ஆளு யாருன்னு பார்க்காதே.”

மறுநாள் அட்சயலிங்கம் வந்தார்.

“பிள்ளைகளுக்கு என்ன ஆகாரம்? நான் ருசி பார்க்க வேண்டும்.”

பார்த்தார். ஐந்து கிண்ணம் பருப்பு சாதமும் ருசியோடு போயிற்று.

“படுக்கை மெத்தென்று இருக்கிறதா?”

அதையும் படுத்துப் பார்த்தார். குறட்டையில் தொட்டில் ஆடியது. ஏறி இறங்கும் மீசையைப் பவளம் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள்.

“ஐயோ அம்மா!”

அந்த அலறலில் ஐந்து பிள்ளைகளும் அழுதன. அதிகாரியின் கண்ணிலும் பொலபொலவென்று கொட்டியது. வடிவு பழக்கதோஷத்தில் ஆறு முதுகையும் தட்டிக்கொடுத்தாள்.

“நாளைக்குச் சபையில் வைத்துக்கொள்கிறேன்!” என்று கத்திக்கொண்டே வெளியே ஓடினார் அட்சயலிங்கம். சாயங்காலம் அவருடைய சேவகன் வந்து ஓலைகளை அள்ளிப் போனான்.

மறுநாள் சபை கூடியது. அட்சயலிங்கம் ஓலைக்கட்டை உயர்த்திக் காட்டினார்.

“மகாராஜா, இவள் வீட்டில் பிள்ளைகள் ஐந்து. ஓலைகள் ஆறு! இல்லாத பிள்ளைக்குக் கள்ள ஓலை எழுதியிருக்கிறாள். முத்திரை வைக்க உத்தரவு வேண்டும்!”

வடிவு இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்தாள். மகளை இறுக்கிக்கொண்டாள்.

“ஓலைகளை எண்ணினீர் சரி, படித்தீரா?” என்றார் பூதலிங்கம். “ஆறாவதைக் கொஞ்சம் படியுமே. சபையும் கேட்கட்டும்.”

அதிகாரி கனைத்துக்கொண்டு கணீரென்று தொடங்கினார். “‘வயது: சொல்லவில்லை. பல்: எல்லாம் முளைத்துவிட்டது. ஆகாரம்: பருப்பு சாதம் ஐந்து கிண்ணம். பங்கு கொடுத்துச் சாப்பிடத் தெரியவில்லை. தூக்கம்: இரண்டு நாழிகை. இதன் சத்தத்தில் மற்ற பிள்ளைகள் தூங்கவில்லை. அழுகை: ஒரு தடவை. காரணம்...’”

குரல் உள்ளே போய்விட்டது.

“காரணம்?” என்றார் மகாராஜா.

“‘...மீசையைப் பிடித்தது.’”

சபை முழுக்கத் திரும்பி ஒரே மீசையைப் பார்த்தது. இடது பக்கம் கொஞ்சம் குறைந்திருந்தது.

“யாரம்மா அந்தப் பிள்ளை?”

“அதிகாரி ஐயாதான், மகாராஜா.” வடிவின் குரல் நடுங்கியது. “யார் சாப்பிட்டாலும், தூங்கினாலும், அழுதாலும் எழுதணும்னு விதி. பயத்துல நான் எதையும் விடலை.”

மகாராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் காதுவரை இறங்கியது. “என் விதிகளை அப்படியே நடத்தியவள் நீ ஒருத்திதான்! வீடு உனக்கே. லாயத்துக்கு அளந்தார்களே, அந்த நிலமும் பிள்ளைகள் விளையாடுவதற்கு உனக்கே.”

“மகாராஜா, ஓலையில் இன்னும் ஒரு வரி இருக்கிறது” என்றார் பூதலிங்கம்.

மகாராஜாவே வாங்கிப் படித்தார். “‘கூட்டிப்போனவர்: ஒருவரும் வரவில்லை. தானாகவே ஓடிவிட்டது.’” சிரிப்பு நின்றது. “அட்சயலிங்கம்! பெற்றவர் வந்து கைநாட்டு வைக்காமல் பிள்ளையை வெளியே விடலாமா?”

“கூடாது, மகாராஜா. முப்பதாவது விதி.”

“அப்படியானால் போய் அந்த வீட்டில் உட்காரும். உம் தாயார் வந்து கூட்டிப்போகட்டும்.”

“மகாராஜா! அம்மா காசிக்கு நடந்து போயிருக்கிறார்! திரும்ப ஒரு வருஷம் ஆகும்!”

மகாராஜா வடிவைப் பார்த்தார். “என்னம்மா, அதுவரை வைத்துப் பார்த்துக்கொள்வாயா?”

வடிவு அதிகாரியை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தாள். முதல் முறையாக அவள் குரலில் நடுக்கம் இல்லை.

“பார்த்துக்கிறேன், மகாராஜா. ஆனா மத்தியானம் தனியாத்தான் படுக்க வைப்பேன். மற்ற பிள்ளைங்க தூங்கணும்.”