சந்தியாகு அத்தான் வாங்கி வந்த மெமரி

பிலோமினாவின் மகள் ஜெஸ்லினுக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங். ஐந்து மணிக்குள் கல்லூரிப் பட்டியலை உறுதி செய்யாவிட்டால் இந்த ரவுண்டில் இடம் கிடையாது. போனில் அந்தப் பக்கம் திறக்கவில்லை. மேசைக் கம்ப்யூட்டரோ திறந்து திறந்து உறைந்தது. மெமரி கூட்டினால் சரியாகும் என்று பிலோமினாவின் அக்கா வீட்டுக்காரர் சந்தியாகுதான் சொன்னார். அவரே வாங்கியும் வந்தார். மூன்றரைக்குப் பெட்டியைக் கழற்றி, பழைய மெமரியை உருவி வெளியே வைத்துவிட்டு, பேச உட்கார்ந்தார்.

"முத்தையாபுரம் உப்பு ஆபீஸ்ல ஒரு கம்ப்யூட்டர், பிலோமி. காலையில ஒரு எழுத்தைத் தட்டினா சாப்பிட்டுக் கை கழுவினப்புறம்தான் திரையில வரும். நான் ஒரு மெமரி போட்டேன். லாரி வாறதுக்கு முந்தியே பில் வந்துட்டு."

"சரி, கையை ஓட்டுங்க அத்தான்."

"ரெண்டாவது போட்டேன். பாத்தியில விளையாத உப்புக்கே பில். பில் வந்துட்டா உப்பு விளைஞ்சுதான ஆகணும்? மழைக்கு வந்த மேகம் பில்லைப் பாத்துட்டு அப்படியே இலங்கைக்குத் திரும்பிட்டு."

"மேகத்துக்குப் பில் வாசிக்கத் தெரியுமாக்கும்."

"மூணாவது போட்டதும் உள்ள இருக்க ஃபேன் சுத்தின சுத்துல ஆபீஸே நகந்துட்டு. கிழக்க பாத்த வாசல் சாயங்காலம் மேக்க பாத்து நிக்கு. பனையில வடம் போட்டுக் கட்டினோம்."

"இங்க கட்ட பனை இல்ல. மணி நாலே கால்."

அத்தான் புது மெமரியை எடுத்து அழுத்தினார். திருப்பி அழுத்தினார். "உன் கம்ப்யூட்டருக்குப் பிடிவாதம்" என்றார்.

பிலோமினா வாங்கிப் பழையதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பாதி நீளம்தான் இருந்தது.

"இது லேப்டாப்புக்குள்ளது அத்தான்."

அவர் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார்.

கம்ப்யூட்டர் கடைக்காரன் ஒருமுறை செய்தது அவளுக்கு நினைவு வந்தது. ஜெஸ்லினின் அழிரப்பரை எடுத்துப் பழைய மெமரியின் விளிம்பில் இருந்த தங்க நிறப் பல் வரிசையைத் தேய்த்தாள்; கருப்பு கருப்பாக அழுக்கு வந்தது. இருந்த இடத்திலேயே செருகி, இரண்டு பக்கமும் 'டக்' என்று பூட்டினாள். கம்ப்யூட்டர் எழுந்தது. இந்தத் தடவை உறையவும் இல்லை. நாலு ஐம்பத்திரண்டுக்குப் பட்டியல் உறுதியானது. ஜெஸ்லின் அதன் பிறகுதான் தண்ணீர் குடித்தாள்.

அத்தான் புது மெமரியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "பாத்தியா? இது பக்கத்துல இருந்த காத்துக்கே இந்த ஓட்டம். உள்ள போட்டிருந்தா உன் மக இந்நேரம் நாலு வருஷமும் படிச்சு முடிச்சிருப்பா."

பிலோமினா பெட்டியின் கடைசி ஸ்க்ரூவைத் திருகினாள்.

"நல்லவேளை உள்ள போகல அத்தான். மாப்பிள்ளை பாக்கவும் உங்களைத்தான் அனுப்பியிருப்பேன், அதையும் பாதி நீளத்துல கொண்டு வந்திருப்பீங்க."