எழுபதாவது டோக்கன்

போடிநாயக்கனூரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் மெஹருன்னிசாவுக்கு ஒரே ஒரு சீடர்தான். குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு ஐம்பத்திரண்டு.

சீடரின் பெயர் தவசியப்பன். இருபத்தாறு வருஷம் மலைப்பாதை பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். முதுகு வலி தாங்காமல் முன்கூட்டியே ஓய்வு வாங்கினார். வீட்டில் சும்மா உட்காரவும் முடியாமல் இந்தக் கடைக்கு வந்து சேர்ந்தார். அவர் குருவை டீச்சர் என்பார், குரு அவரை அண்ணே என்பார். பார்த்துச் சிரித்தவர்கள் ஊரில் உண்டு. இவர்கள் இரண்டு பேரும் அதைக் கண்டுகொண்டதில்லை.

தவசியப்பன் வேலையில் சூட்டிகை. ஒரே ஒரு குறைதான். கேள்வி முடிவதற்குள் பதிலைச் சொல்லிவிடுவார்.

ஒரு நாள் ஒரு கண் அறக்கட்டளையிலிருந்து கடைக்கு ஆள் வந்தது. மலைமேல் குளிர்பாறை எஸ்டேட்டில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை முகாம் நடத்துகிறவர்கள். வேனில் ஒரு கேமரா இருக்கும். சர்க்கரை நோய்க்காரர்களின் கண்ணுக்கு உள்ளே அது படம் பிடிக்கும். அந்தப் படங்களைக் கம்ப்யூட்டர் அலசி, யாருக்குப் பார்வை போகிற அபாயம் என்று சொல்லும். போன முகாமில் அந்தக் கம்ப்யூட்டர் பாதியில் படுத்துவிட்டது. இப்போது புதிதாக ஒன்று வேண்டும். டெஸ்க்டாப்பா, லேப்டாப்பா, அதைக் கடைக்காரர்களே சொல்ல வேண்டும். கேமரா ஒரே ஒரு மெஷினோடுதான் பேசும் என்பதால் ஒன்றுக்கு இரண்டாக வாங்கியும் பயனில்லை.

போன முகாமில் திரும்பிப் போனவர்களில் தவசியப்பனின் தங்கை ராசாத்தியும் ஒருத்தி. ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை. இப்போதெல்லாம் காயைக் கையால் தடவித்தான் எடுக்கிறாள். டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், எனக்கு ஒண்ணுமில்லை என்று சொல்லிவிடுவாள். ஊரோடு சேர்ந்து போகிற முகாம் என்றால்தான் வருவாள்.

இது மெஹருன்னிசாவுக்குத் தெரியும். "அண்ணே, இந்த மெஷினை நீங்க முடிவு பண்ணுங்க" என்றாள்.

இதுவரை அவர் தனியாக எதையும் முடிவு செய்ததில்லை. வாடிக்கையாளர் வந்து பேசுகிற முன்மேஜையில் உட்கார்ந்ததும் இல்லை. சந்தோஷம் அவருக்குக் காது வரைக்கும் ஏறியது.

"டீச்சர், ரெண்டுல எது சிறந்தது? அதை மட்டும் சொல்லிடுங்க."

அவள் ஒரு டெஸ்க்டாப்பையும் ஒரு லேப்டாப்பையும் எடுத்து வைத்தாள். இரண்டின் மூடியையும் கழற்றினாள். இரண்டு பிராசசரும் ஒரே கம்பெனி, ஒரே வருஷம், பெயரும் ஏறக்குறைய ஒன்றுதான். டெஸ்க்டாப்பில் இருந்ததன் தலைமேல் சூட்டை இழுத்துக்கொள்ள, செங்கல் பருமனுக்கு ஓர் அலுமினியக் கட்டியும் பெரிய ஃபேனும் இருந்தன. லேப்டாப்பில் இருந்தது தபால்தலை அளவு. அதன் ஃபேனும் சுண்டைக்காய்தான். எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று காட்டும் மீட்டர் ஒன்றையும் வைத்துவிட்டு, அவள் சாப்பிடப் போனாள்.

அறக்கட்டளை கொடுத்திருந்த ஒரு நோயாளியின் படங்களைத் தவசியப்பன் இரண்டிலும் ஓட்டினார். டெஸ்க்டாப் மூன்று நிமிஷத்தில் முடித்தது. லேப்டாப்புக்கு மூன்று நிமிஷம் இருபது விநாடி. இழுத்த கரண்ட்டைப் பார்த்தால், டெஸ்க்டாப் குடித்ததில் நாலில் ஒரு பங்குகூட லேப்டாப் குடிக்கவில்லை. எஸ்டேட்டில் முகாம் நடக்கிற மைதானத்தில் கரண்ட் கிடையாது, வேனின் பேட்டரிதான். இருபது விநாடிக்கு ஆசைப்பட்டு யாராவது பேட்டரியைக் காலி செய்வார்களா? லேப்டாப் என்று பெரிய எழுத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டார்.

மெஹருன்னிசா வந்து தாளைப் பார்த்தாள்.

"எத்தனை பேர் படத்தை ஓட்டினீங்க?"

"ஒருத்தரோடது."

"மலையில எத்தனை பேர் வருவாங்க?"

"எழுபது."

அவள் திருப்புளியை எடுத்துக்கொண்டு தன் வேலைக்குத் திரும்பினாள்.

மறுநாள் காலையிலிருந்து தவசியப்பன் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினார். முதல் மூன்று பேர் வரைக்கும் லேப்டாப் சிட்டாகப் பறந்தது. அதன்பிறகு சூடு ஏறியது. சூடு ஏற ஏற அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்தது. பத்தாவது ஆளுக்கு ஐந்து நிமிஷம் ஆனது. அப்புறம் எல்லோருக்கும் ஐந்துதான். டெஸ்க்டாப் அப்படியில்லை. முதல் ஆளுக்கும் மூன்று, நாற்பதாவது ஆளுக்கும் மூன்று. ஆனால் கேமராவும் விளக்கும் அதுவும் சேர்ந்தால் வேன் பேட்டரி இரண்டரை மணி நேரம்தான் தாங்கும் என்று கணக்கு வந்தது.

முகாமில் படம் பிடிக்கத் தொடங்குவது பதினொன்றரைக்கு. நாலு மணிக்கு வேன் கீழே இறங்கியாக வேண்டும், அதற்குமேல் பாதையை மூடுபனி மறைத்துவிடும். நாலரை மணி நேரத்தில் லேப்டாப் பார்ப்பது சுமார் ஐம்பத்துநாலு பேர். பேட்டரி சாகும்வரை டெஸ்க்டாப் பார்ப்பது ஐம்பது பேர். எதை வாங்கினாலும் கடைசியில் நிற்கிறவர்கள் திரும்பிப் போக வேண்டியதுதான். ராசாத்தி எப்போதும் கடைசியில் நிற்கிறவள். எல்லோரையும் முன்னே விட்டுவிட்டு நிற்பது அவளுக்குப் பிறவிக்குணம்.

தவசியப்பன் தாளைக் கிழித்துப்போட்டார். அவருக்கு உண்மையிலேயே ஆத்திரம் வந்தது.

"ரெண்டும் உதவாது, டீச்சர். அது தின்னே தீர்த்துடும். இது மூச்சு வாங்கியே படுத்துடும். உங்களுக்குத் தெரியும்தானே? எது சிறந்ததுன்னு இப்பவாவது சொல்லுங்க."

மெஹருன்னிசா கையிலிருந்த வேலையை நிறுத்தவில்லை.

"அண்ணே, எழுபது பேருக்கு டிக்கெட் போட்டிருக்கீங்களா?"

"இதென்ன கேள்வி? தினமும்தான்."

"எப்படிப் போடுவீங்க?"

தவசியப்பனுக்குத் தன் தொழிலைப் பற்றிப் பேசக் கிடைத்தால் போதும், ஆத்திரமெல்லாம் ஆறிவிடும். சந்தை நாளில் பஸ் நிலையத்திலேயே எழுபது பேரும் மொத்தமாக ஏறிவிடுவார்கள் என்றார். அன்றைக்குக் கை ஓடாது. முதல் ஸ்டேஜ் தாண்டுவதற்குள் டிக்கெட் போட்டு முடியாது. விசில் கொடுத்து, பஸ்ஸைப் புளியமரத்தடியில் ஓரங்கட்டச் சொல்லி, எல்லோரிடமும் பேச்சு வாங்கிக்கொண்டுதான் போடுவார். மற்ற நாளில் அதே எழுபது பேர் இங்கே நாலு, அங்கே மூன்று என்று ஏறுவார்கள். போட்டதே தெரியாது. நடுவில் டிரைவரோடு நாலு வார்த்தை பேசவும் நேரம் இருக்கும்.

"அதே கைதானேண்ணே?" என்றாள் மெஹருன்னிசா.

தவசியப்பன் லேப்டாப்பின் ஃபேன்மேல் கை வைத்துப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அங்க எல்லாரையும் பதினொன்றரைக்கு மொத்தமா ஏத்திவிடுறது யாரு?"

"அது மெஷினுக்குத் தெரியாது."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு அறக்கட்டளை அலுவலகத்துக்குக் கிளம்பினார்.

முகாமை நடத்துகிறவர் சிஸ்டர் பவுலின். கண்ணில் சொட்டு மருந்து விட்டால்தான் பாவை விரியும், அரை மணி கழித்துத்தான் படம் பிடிக்க முடியும் என்று அவர் விளக்கினார். சரி, அந்தச் சொட்டை எப்போது விடுவீர்கள் என்று தவசியப்பன் கேட்டார். பதினோரு மணிக்கு, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் என்றார் சிஸ்டர். சனங்கள் ஏழு மணிக்கே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் பதினோரு மணிக்குத்தான் சிறப்பு விருந்தினர் வந்து விளக்கேற்றுவார். விளக்கேற்றாமல் எந்த முகாமிலும் சொட்டு விட்டதில்லை. அது வழக்கம்.

தவசியப்பன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். எட்டே காலுக்குத் தொடங்கி ஆறு நிமிஷத்துக்கு ஒருவராகச் சொட்டு விட்டால் போதும் என்றார். எட்டே முக்காலிலிருந்து ஒவ்வொருவராகத் தயாராவார்கள். லேப்டாப் ஒருவரை முடித்துவிட்டு இரண்டு நிமிஷம் ஆறிக்கொள்ளும். அது குடிப்பது கொஞ்சம்தான் என்பதால் பேட்டரியும் தாங்கும், நாலு மணிக்குள் எழுபது பேரையும் பார்த்துவிடலாம்.

சிஸ்டர் தயங்கினார். சொட்டு விட்டவர்களுக்குக் கண் கூசும், எல்லாம் மங்கலாகத் தெரியும், விருந்தினர் வரும்போது அவர் முகமே அவர்களுக்குத் தெரியாதே என்றார்.

"அவர் பேச வர்றாரு சிஸ்டர். காது நல்லாத்தானே இருக்கும்?"

சிஸ்டர் சிரித்துவிட்டார். சிரித்ததால் ஒத்துக்கொண்டார்.

முகாம் அன்று விடிந்ததும் தவசியப்பன் பழைய விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, புது லேப்டாப்போடு வேனில் ஏறினார். மைதானத்தில் டோக்கன் கொடுத்தது அவர்தான். தங்கைக்கு முதல் டோக்கனை நீட்டினார். அவள் அதைப் பக்கத்தில் நின்ற கைக்குழந்தைக்காரியிடம் கொடுத்துவிட்டாள். இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே போயின. கடைசியில் அவள் கையில் நின்றது எழுபதாவது டோக்கன்.

வேலை நூல் பிடித்தாற்போல் நடந்தது. சொட்டு, அரை மணி, படம், பதில். ஒருவருக்கு மூன்றரை நிமிஷத்துக்குமேல் லேப்டாப் எடுத்துக்கொள்ளவில்லை. பதினோரு மணிக்கு விருந்தினர் வந்தபோது இருபத்திரண்டு பேரைப் பார்த்து முடித்திருந்தார்கள். அவர் விளக்கேற்றினார். பாதிப் பேர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தப்பான திசையைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

ஒன்றரை மணிக்குத் தவசியப்பன் சாப்பிட உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்துக் கீழ்த்தோட்டத்து ஆட்கள் பன்னிரண்டு பேர், காலையிலேயே டோக்கன் சொல்லி வைத்தவர்கள், ஒரே ஜீப்பில் வந்து இறங்கினார்கள். ஆட்களைக் கண்டதும் சிஸ்டருக்குப் பழைய வழக்கம் கைக்கு வந்துவிட்டது. பன்னிரண்டு பேருக்கும் வரிசையாகச் சொட்டு விட்டுவிட்டார்.

அரை மணி கழித்துப் பன்னிரண்டு பேரும் வேன் வாசலில் நெருக்கினார்கள். லேப்டாப் மூன்றரையிலிருந்து நாலுக்குப் போனது, நாலிலிருந்து ஐந்தைத் தொட்டது. அதன் ஃபேன் வெளியே கேட்கிற அளவுக்கு இரைந்தது.

தவசியப்பன் விசில் ஊதினார். மைதானமே திரும்பிப் பார்த்தது. இந்தப் பன்னிரண்டு பேர் முடிகிறவரை புதிதாக யாருக்கும் சொட்டு கிடையாது என்றார். வரிசையில் சலசலப்பு எழுந்தது. போன தடவையும் இப்படித்தான் நிறுத்தினீர்கள், அப்புறம் வேனைக் கட்டிக்கொண்டு போய்விட்டீர்கள் என்று ஒருவர் கத்தினார்.

ராசாத்தி எழுந்து சேலையை உதறிக்கொண்டாள்.

"நான் அடுத்த தடவை பாத்துக்கறேண்ணே. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

தவசியப்பனுக்கு உள்ளுக்குள் பயம்தான். குரலில் அது தெரியவில்லை.

"டிக்கெட் வாங்கின ஆளை இருபத்தாறு வருஷத்துல நான் நடுவழியில எறக்கிவிட்டதில்ல. உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். அவர் வேன் படிக்கட்டில் நின்றுகொண்டார். ஒருவர் முடிந்து ஒரு நிமிஷம் கழித்துத்தான் அடுத்தவரை ஏற்றினார். ஐந்து நாலரையானது, நாலானது. இரைச்சல் அடங்கியது. பன்னிரண்டாவது ஆள் இறங்குவதற்கு முன்பே அடுத்தவர்களுக்குச் சொட்டு விடச் சொல்லி சிஸ்டருக்குக் கை காட்டினார், ஒவ்வொருவராக.

எதிர் மலையில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தபோது, மூன்று ஐம்பதுக்கு, ராசாத்தி வேனில் ஏறினாள். மூன்றரை நிமிஷத்தில் பதில் வந்தது. வேனில் இருந்த முகாம் டாக்டர் அதைப் பார்த்துவிட்டுத் தவசியப்பனை உள்ளே கூப்பிட்டார். வலது கண்ணில் ரத்தம் கசியத் தொடங்கியிருக்கிறது என்றார். இந்த மாதமே ஆஸ்பத்திரிக்கு வந்தால் பார்வையைக் காப்பாற்றிவிடலாம், இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் தன்னால் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது என்றார்.

தவசியப்பன் வேனுக்குப் பின்பக்கம் போய் அழுதார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தபோது, ராசாத்தி ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு படியில் நின்றாள்.

"எனக்குப் பின்னாடி யாரும் நிக்கிறாங்களாண்ணே?"

"யாரும் இல்ல. நீதான் கடைசி."

"அப்பச் சரி" என்று இறங்கினாள்.

மறுநாள் அவர் கடைக்கு வந்தபோது அவருடைய நாற்காலி முன்மேஜைக்கு வந்திருந்தது. மெஹருன்னிசா உள்ளே ஒரு கம்ப்யூட்டரின் மதர்போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவர் மலையில் நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். ராசாத்தியை எந்தக் கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறீர்கள் என்று மட்டும் விசாரித்தாள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். இரண்டு வாரமாகத் தொண்டையில் நின்ற கேள்வி இன்னும் அங்கேயே இருந்தது.

"டீச்சர், வேலை முடிஞ்சுபோச்சு. இனிமே சொன்னா என்ன? நாளைக்கு இந்த மேஜைக்கு ஒருத்தர் வந்து கேட்டா நான் சொல்லணும்ல? டெஸ்க்டாப்பா, லேப்டாப்பா, எது சிறந்தது?"

மெஹருன்னிசா தலை நிமிர்ந்தாள்.

"நேத்து கடைசி டோக்கன் யார் கையில இருந்துச்சு?"

"என் தங்கச்சி கையில."

"வர்றவர்கிட்டயும், கடைசியா நிக்கிற ஆள் யாருன்னு மொதல்ல கேளுங்கண்ணே."